அனுப்பியவர் பெயர்

முதல் குற்றம்: போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தது.

இரண்டாவது: அப்பா பக்கத்தில் வந்ததும் திரையைக் கவிழ்த்தது.

மூன்றாவது: டியூஷனுக்கு என்று சொல்லிவிட்டு ஹட்டன் பொலிஸ் வாசலில் போய் நின்றது. பஸ்ஸில் வந்த பாதித் தோட்டமும் பார்த்திருக்கிறது.

நான்காவதுதான் தாங்க முடியாதது. சுலக்ஷனாவின் முகம், யாரோ ஒருத்தியின் அரைகுறை ஆடை உடம்பில் ஒட்டப்பட்டு, தோட்டத்து லய வீடுகளின் போன்களில் எல்லாம் சுற்றியது. சுற்ற விட்டவர்கள்தான் இப்போது நியாயம் கேட்கக் கூடியிருந்தார்கள்.

மாயாண்டி குற்றங்களை இப்படித்தான் வரிசை பிசகாமல் சொல்வார். தொழிற்சங்கத் தலைவர், தோட்டத் துரைமார் முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். இன்றைக்கு அதே வாய், கோவில் முற்றத்தில், பெற்ற மகள் முன்னால் திறந்திருந்தது.

“ஊரைக் கூட்டிப் பேசுற விஷயமாங்க இது?” மனைவி அழகம்மா அவர் சட்டையை இழுத்தாள்.

“ஊரான் மகளுக்கு ஒரு நியாயம், நம்ம மகளுக்கு ஒரு நியாயமா? சும்மா இரு.”

கோவில் கமிட்டி ஜெயகாந்தன் செருமினார். “பொம்பளப் புள்ளைக்குப் போன் எதுக்குன்னு அப்பவே கேட்டேன். ஏ.எல். படிச்சுக் கிழிச்சது போதும் தலைவரே. கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிருங்க.”

“படத்தைக் குடுத்தவன விட்டுட்டு எம்புள்ள படிப்பையா நிறுத்துவீங்க?” என்று சீறினாள் அழகம்மா.

“அவ படத்தைக் குடுத்தது யாரு? பேரு வரட்டும்” என்றார் மாயாண்டி. “அவ படிப்பு போறதா, அவன் மானம் போறதான்னு இங்கயே முடிவாகட்டும்.”

சுலக்ஷனா அழவில்லை. “காசு கேட்டு மெரட்டுனானுங்க. குடுக்கல. மெரட்டுனதை எல்லாம் அழிக்காம வச்சிருந்து, சுதர்ஷினி டீச்சரோட போய் பொலிஸ்ல முறைப்பாடு குடுத்துட்டேன். அவ்வளவுதாம்ப்பா.”

“ஒட்டுறதுக்கு மூஞ்சி வேணும்ல? அதை யாரு அனுப்புனா?”

அவள் காது மடலைத் தொட்டுக்கொண்டாள். “நான்தான். விடுங்கப்பா.”

கூட்டம் உச்சுக் கொட்டியது.

“அப்ப படிப்பை நிறுத்திர வேண்டியதுதான்” என்றார் ஜெயகாந்தன்.

“பொறுங்க! பொய் சொன்னா காதைத் தொடுவா. சின்னதுலருந்து பாக்குறேன். யாரையோ காப்பாத்துறா. போனைக் குடு” என்றார் மாயாண்டி.

“வேணாம்ப்பா. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்ப்பா.”

“இங்கதான் வாசிக்கணும். சாட்சிக்கு இத்தனை பேரு இருக்காங்கல்ல.”

பிடுங்கினார். கண்ணாடியை மாட்டினார்.

மிரட்டியவர்கள், படம் எங்கிருந்து கிடைத்தது என்று காட்ட, தங்களுக்கு வந்த செய்தியை அப்படியே படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். பாடசாலைச் சீருடையில் சிரிக்கிற சுலக்ஷனா. அடையாள அட்டை. லயத்து விலாசம். கீழே ஒரு வரி: ‘மாணவர் இலவச லெப்டொப் திட்டம். என் மகளுக்காக.’

மகளுக்குத் தெரியாமல் வாங்கி, திடீரென்று மடியில் வைக்க நினைத்த லெப்டொப். வீட்டுத் திட்டத்துக்கும் நிவாரணத்துக்கும் ஊரார் படத்தையும் அட்டையையும் வாங்கி வாங்கி அனுப்பிய கை, திட்டம் மெய்யா பொய்யா, கேட்டது யார் என்று விசாரிக்காமல் இதையும் அனுப்பியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று மகள் மெல்லத் தலையாட்டினாள்.

“பேரு இருக்கா தலைவரே?”

“இருக்கு.”

மே தின மேடையில் பேசும் அதே குரலில், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசித்தார்:

“மாயாண்டி.”