சின்ன ல, பெரிய ள

"பதினோராவது கேள்விக்கு என்ன எழுதினே?"

"ரெண்டு ஓம், மாமா."

மாமா பேனா மூடியைக் கடித்தபடி மனக்கணக்குப் போட்டார். ஆறு ஓம், மூன்று ஓம், பக்க இணைப்பு. இரண்டேதான்.

"அடி சக்கை! எப்படிடி வந்துச்சு?"

"மடமடன்னு வந்துச்சு மாமா. எழுதி முடிக்கறதுக்குள்ள கை கழண்டு போச்சு."

கப்பல் இன்ஜினியரான மாமா பல வருடம் கழித்து அன்று மதியம்தான் தன் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அக்கா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. கதவைத் திறந்தவள் அக்கா மகள் வாலு. ஆளே வளர்ந்துவிட்டிருந்தாள். விரலெல்லாம் மை, கையில் பள்ளி இறுதித் தேர்வின் இயற்பியல் வினாத்தாள். அவ்வளவுதான், காலணியைக் கழற்றிய கையோடு மாமா அதைப் பிடுங்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"பதிலை மட்டும் சொல்லு. லென்ஸோட திறனுக்கு அலகு?"

"டையாப்டர்."

"அம்மீட்டரை எப்படி இணைக்கணும்?"

"தொடரிணைப்பு."

கடைசியாக அவர் பார்த்தபோது, பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு டார்ச்சைத் திட்டிக்கொண்டிருந்த பெண் இவள். மாமாவுக்குச் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது.

"ஒண்ணுகூடத் தப்பில்ல! என் மருமகளாச்சே, ரத்தம் எங்க போகும்?"

வாலுவின் முகம் மட்டும் தெளியவில்லை.

"மாமா, முதல் பக்கத்துல ஒண்ணு இருக்கு. ஊடகமே இல்லாம பரவக்கூடியது எது?"

"ஒளி."

"அதேதான். ஆனா பெரிய ள போட்டேனா, சின்ன ல போட்டேனான்னு ஞாபகமே வரல. திருப்பிப் பார்க்கறதுக்குள்ள பேப்பரை வாங்கிட்டாங்க."

"ஒலின்னு எழுதியிருந்தா தப்பு. வெளிச்சம் வேற, சத்தம் வேறல்ல?"

"அப்போ முழு மார்க் போயிடுமே மாமா! மத்ததெல்லாம் சரியா இருந்தும், என் ஒரு எழுத்தால..."

"அசடு. மனசுக்குத் தெரிஞ்சதைத்தானே கை எழுதும்?"

"கைக்கு என்ன மாமா தெரியும்?" என்றாள் அவள்.

"வாலு, இருக்கியா?"

வாசல் நிலையைப் பிடித்தபடி எதிர்வீட்டுப் பெண் நின்றாள். பள்ளிச் சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. வாலு நாற்காலி சாய எழுந்து ஓடினாள்.

"அக்கா, அந்த ஒளி! அதுல சின்ன ல போட்டுத் தொலைச்சிட்டேனோன்னு..."

"லூசு, பெரிய ளதான் போட்டே. வாய்க்குள்ள சொல்லிச் சொல்லித்தானே எழுதுறே? 'ளி'ன்னு நீ நாக்கை மடிச்சது எனக்கு நல்லாவே கேட்டுச்சு."

"நிஜமா?" வாலு துள்ளினாள். "அப்போ முழு மார்க்!"

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கேட்டுச்சா? பரீட்சை ஹால்லயா? ரெண்டு பேரும் பேசிக்கிட்டா எழுதினீங்க?"

"ஆமா சார்," என்றாள் எதிர்வீட்டுப் பெண், கொஞ்சமும் கூசாமல். "எல்லாப் பதிலையும் நான்தான் சொன்னேன். வாலு ஒரு வார்த்தை மாத்தாம எழுதினா. தங்கமான பொண்ணு."

மாமாவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. இவ்வளவு நேரம் ரத்தம், ரத்தம் என்று பீற்றிக்கொண்டது இதற்குத்தானா?

"காப்பியா? நம்ம குடும்பத்துலயா? இரு, உங்கம்மா வரட்டும்!"

"ஐயோ மாமா, என்னைப் பேச விட்டாத்தானே!" வாலு இடுப்பில் கை வைத்தாள். "நான் ஒம்பதாவதுதான் படிக்கிறேன். பரீட்சை இந்த அக்காவோடது. கை மட்டும்தான் என்னுது."

மாமா எழுந்து போய், "சபாஷ்மா" என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் கையை நீட்டினார். அந்தக் கை அந்தரத்திலேயே நின்றது. வாலு அதைப் பிடித்து அந்தப் பெண்ணின் கைக்குள் வைத்த பிறகுதான், அந்தப் பெண் கக்கத்தில் மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கோல் மாமாவின் கண்ணில் பட்டது.