கயிற்றுக்கு இந்தப் பக்கம்

“முந்நூத்தி அறுபத்திரண்டு நாளு பாகிஸ்தான் ஜெயில்ல கெடந்தாரு அந்த மனுசன். அப்ப இவ எங்க இருந்தா? ஆறாங்கிளாஸ்ல! இன்னிக்கு வந்து நிக்கிறா பாரு, மகாராணி மாதிரி.”

“அத்தே, மெதுவா பேசுங்க. புருஷனப் பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க,” என்றாள் மருமகள் சசிரேகா.

கங்கா குரலைக் குறைக்கவில்லை.

கயிறு கட்டிய பந்தலுக்குள், கண்ணாடிப் பெட்டியில், தேசியக் கொடி போர்த்திப் படுத்திருந்தார் விங் கமாண்டர் கோதண்டராமன். எழுபத்தொன்றாம் வருடப் போரில் விமானம் சுடப்பட்டு, சிறைப்பட்டு, மீண்டு வந்து பதக்கம் வாங்கியவர். தலைமாட்டில் அவர் மனைவி கனகம். வந்த அதிகாரிகள் அவருக்கு சல்யூட் அடித்துவிட்டு, அவளிடம் குனிந்து பேசினார்கள்.

“அழுவறாளா பாரு. பவுடர் கலைஞ்சுடும்னு நிக்கிறா.”

“அத்தே!”

“அந்தக் கொடிய மடிச்சு அவ கையிலதான் குடுப்பாங்களாமே?”

“பின்ன, உங்க கையிலயா குடுப்பாங்க? உங்களுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ எரிச்சல்?”

“எனக்கின்னா எரிச்சல்? வாய்க்கரிசி போட வந்தேன். போட்டுட்டு என் வூட்டுக்குப் போயிக்கினே இருப்பேன்.”

சசிரேகாவுக்குக் காரணம் புரிந்த மாதிரி இருந்தது. மாமனார் இறந்தபோது, முப்பது வருடம் உழைத்த கம்பெனியிலிருந்து ஒரு மாலைதான் வந்தது. அதுவும் உடலை எடுத்த பிறகு. இங்கே துப்பாக்கி, பேண்டு, கலெக்டர். வயிறு எரியாதா? தூரத்துச் சொந்தம் என்று சொல்லித்தான் குன்றத்தூரிலிருந்து ஒரகடத்துக்கு அவளை இழுத்து வந்திருந்தாள் கங்கா.

“ரெண்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்டு, அத்தே. கம்பெனி பஸ்ஸ விட்டா சூப்பர்வைசர் கத்துவான்.”

கங்காவின் காதில் விழவில்லை. உள்ளே கண்ணாடி மூடியைத் திறந்துவிட்டார்கள். அரிசித் தட்டு வந்தது. கங்கா கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்தாள்.

ஒரு கை மறித்தது. கனகத்தின் தம்பி திருமலை.

“பெரியம்மா, குடும்பத்து ஆளுங்க மட்டுந்தான் உள்ள. மத்தவங்க வெளிய நின்னே கும்புட்டுக்கலாம்.”

“நானும் சொந்தந்தாம்பா.”

“எந்த வகையில?”

கங்கா அவன் தோளுக்கு மேலாக அரிசித் தட்டையே எட்டிப் பார்த்தாள்.

“காலையிலேர்ந்து நீங்க இருபதாவது ஆளு. டிவிக்காரன் கேமராவ வெச்சதும் ஊரே எங்களுக்குச் சொந்தமாயிடுச்சு.”

யாரோ சிரித்தார்கள். சசிரேகா மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்க அத்தே, போலாம். அசிங்கமா கீது.”

கனகம் மூன்று முறை அரிசி போட்டாள். கங்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் போட்டு முடித்தார்கள். மூடியைப் போட இரண்டு பேர் நெருங்கினார்கள்.

“இன்னா உறவுன்னு சொல்லுங்க, இல்லன்னா நவுருங்க பெரியம்மா!”

கங்கா கயிற்றை விடவில்லை.

“மொதல்ல, ஆளக் காணோம்னுதாம்பா தந்தி வந்துது,” என்றாள். “எங்கப்பாதான் செத்துட்டாருன்னு முடிவு பண்ணி, இவரு கட்டுன தாலிய என் கழுத்துலேர்ந்து அறுத்துட்டாரு.”