வலப்பக்கத்து முட்டைகள்

"ஏனுங்க, நெசத்தைச் சொல்லுங்க. என்ற முட்டை அட்டையில கை வெச்சீங்களா இல்லீங்களா?"

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள் பிரீத்தி. முட்டை லோடு ஏற்றிவிட்டு அப்போதுதான் பண்ணையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த அவள் கணவன் கோகுல்ராஜ் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வந்ததும் வராததுமா திருட்டுக் கேஸா? என்னாச்சு?"

"இங்க வந்து பாருங்க."

எக்செல் திரையில் ஒரு வளைவுக் கோடு கோயில் மணியைப் போல அழகாக எழும்பி இறங்கியது. கோட்டுக்கு அடியில் நீலப் பட்டைகள். இடப்பக்கம் படிப்படியாக ஏறி, நடுவில் உச்சியைத் தொட்டு, வலப்பக்கம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றிருந்தன.

"தெனம் காலையில ஒரு அட்டை முட்டைய எடை போட்டேனில்லீங்க? சின்னது கொஞ்சம், நடுத்தரம் நெறைய, பெருசு கொஞ்சம். அப்படித்தான் வரோணும். இதுல பெருச மட்டும் காணோம்."

"நம்ம கோழிகளுக்கு நார்மல் கர்வ் தெரியாதாட்ட இருக்குது. போய்ப் பேசிப் பாக்கட்டுமா?"

"சிரிக்காதீங்க. நாளைக்கு ப்ராஜெக்டைக் குடுக்கோணும். ஊட்டுல உக்காந்து நம்பர எழுதிட்டு வந்தியான்னு கைடு கேப்பாரு. திருப்பிக் குடுத்துட்டா ரெண்டு வருசப் படிப்பும் போச்சு."

பிரீத்திக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. கோகுல்ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"அதுக்கு நாந்தான் கெடைச்சனா?"

"இந்த ஊட்டுல டபுள் ஆம்லெட் யாருங்க திங்கறது? வேலியே பயிர மேஞ்சா நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

"அது ஒடைஞ்ச முட்டையில போடறது. சத்தியமா உன்ற அட்டையத் தொடல."

அடுப்படியிலிருந்து மாமியார் சௌந்திரம் தட்டோடு வந்தாள். இப்போதெல்லாம் தினமும் செய்வதுபோல, அவித்த முட்டை இரண்டை மருமகள் முன்னால் வைத்தாள்.

"தின்னு சாமி, ஆறிப்போயிரும்."

திரையைப் பார்த்தபடியே ஒன்றை எடுத்துக் கடித்தாள் பிரீத்தி. ஒரு வாய்க்கு அடங்காத முட்டை.

"நீங்களே உங்க பையனக் கேளுங்க அத்தை. அட்டையில முப்பதும் இருக்குது. பெரிய முட்டை மட்டும் எங்க போச்சு?"

சௌந்திரம் முந்தானையில் கையைத் துடைத்தாள். வேண்டிய நேரத்துக்குமேல் துடைத்தாள்.

"அவன வையாத சாமி. நீ எடை போடறதுக்கு முன்னாலயே நாந்தான் எடுத்தேன். குழி காலியாத் தெரிஞ்சா நீ தேடுவியேன்னு வேற ரெண்ட வெச்சுட்டேன்."

"எதுக்குங்க அத்தை?"

"நல்லா இருக்குது போ. மாசமா இருக்கற புள்ளைக்குச் சின்ன முட்டையவா அவிச்சுத் தருவாங்க?"

கோகுல்ராஜ் திரையை விட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். கடித்த முட்டையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தாள் பிரீத்தி. ப்ராஜெக்டைக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று, அந்தச் செய்தியை அவள் இன்னும் அந்த வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.