பூட்டி வைத்த மாத்திரை

"திருடன்! முதலாளி, இந்த ஆளு திருடன்!"

பூட்டுப் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. மீசைக்காரர் சூப்பர்வைசரின் காலரைப் பிடித்து, முதலாளி அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா திருடினாரு?"

"என் தலைவலி மாத்திரையை!"

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

மீசைக்காரருக்குச் சிரிப்பா வரும்? பக்கத்தில் நின்று அரத்தால் ராவிக்கொண்டிருந்தவன் போன மாதம் சூப்பர்வைசர் ஆனானே, அன்றிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல், தலைவலி இரண்டும். எரிச்சலுக்கு ஒரு மூடி மருந்து குடிப்பார். உடனே தலைவலி மாத்திரையை வாய்க்குக் கொண்டுபோவார். எங்கிருந்துதான் வருவானோ, பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவான் படுபாவி.

"சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சேன், எடுத்துட்டான். இன்னைக்குப் பெட்டியில வெச்சு நம்ம பெரிய பூட்டைப் போட்டுப் பூட்டினேன். அதையும் திறந்துட்டான் முதலாளி!"

"பெரிய பூட்டையா?" முதலாளியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "யாராலயும் திறக்க முடியாதுன்னு சொல்லியில்ல விக்கிறோம்! எதுல திறந்தே?"

"ஹேர்பின்ல," என்றார் சூப்பர்வைசர், தலையைக் குனிந்தபடி.

"பதவிக் கொழுப்பு முதலாளி! நான் வலியில துடிக்கணும், இவன் பார்த்து ரசிக்கணும்!"

சூப்பர்வைசருக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ், அந்த மாத்திரைக்கு மேல ஒரு பூச்சு இருக்கு. வயித்து அமிலத்துல கரையாது, குடலுக்குப் போய்தான் கரையணும். நீ அமிலத்தைக் குறைக்கிற மருந்தைக் குடிச்ச கையோட அதையும் முழுங்கினா, குடல் வந்துடுச்சுன்னு நினைச்சு வயித்துலயே சட்டையைக் கழட்டிடும். வயிறு இன்னும் எரியும். நீ இன்னும் மருந்து குடிப்பே. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடுய்யான்னு முதல் நாளே சொன்னேன். 'உன் அதிகாரத்தை வேலையோட நிறுத்திக்கோ'ன்னுட்டே. நான் வேற என்ன பண்றது?"

மீசைக்காரரின் பிடி தளர்ந்தது.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"டாக்டர்."

"நீ எதுக்கு டாக்டர்கிட்ட போனே?"

சூப்பர்வைசர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லுய்யா!"

"போன வருஷம் 'சிறந்த தொழிலாளி'ன்னு உனக்குக் கேடயம் கொடுத்தாங்களே... அன்னைக்கு ஆரம்பிச்ச வயித்தெரிச்சல்யா!"