ஒரு கைக்கு எட்டாதது

விபத்தில் தமயந்தியின் வலது கை செயலிழந்த பிறகு, மெய்ப்பு பார்க்கும் அலுவலகத்தில் அவளுடைய மடிக்கணினியை அவளுக்கேற்ப மாற்றிக் கொடுத்தவன் பக்கத்து இருக்கை ஜெரால்டுதான். ஒரு வரியைத் தேர்ந்தெடுக்க மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு கைக்கு எட்டாது. அதை அவன் ஒற்றை விசையில் அடக்கினான். இரண்டு வருடங்கள் அவள் யாருக்கும் சளைக்காமல் வேலை பார்த்தாள். தலைமைத் திருத்துநர் பதவிக்கு இருவரும் தேர்வெழுத உட்கார்ந்த காலையில், அந்த விசை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

“ஜெரால்டு, என்னாச்சு இதுக்கு?”

“பழையபடி மாத்திட்டேன்க்கா. எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருந்தாதான் நியாயம்னு மேனேஜர்கிட்ட சொன்னேன்.” அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இத்தனை நாளும் அந்த விசை அவன் கையில்தான் இருந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மேலாளர் ஆரம்பிக்கச் சொன்னார். தமயந்தி மடிக்கணினியை இடக்கையால் அணைத்து எடுத்துப்போய், ஜெரால்டின் முன்னால் வைத்தாள்.

“ரெண்டு கீயை நீ அமுத்திப் பிடி. மூணாவதை நான் பாத்துக்குறேன்.”

அறையில் தட்டச்சு ஓசை நின்றது. அவள் விரலை விசைமேல் வைத்தபடி, அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.