பதினாலாம் நம்பரில் யாருமில்லை

தேயிலைக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானம் தரையை விட்டு எழும்பியதுமே தடுமாறியது. விமானி பாரத்தைக் குறைக்க, மருந்து முழுவதையும் பதினாலாம் நம்பர் மலைமேல் கொட்டிவிட்டு, ஏரிக்கரையில் இறங்கித் தப்பினான்.

நான்காம் நாள், விமானத்தில் மருந்து நிரப்பும் மகேனைத் தோட்டத்துத் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“பதினாலாம் நம்பர்ல அன்னைக்கு யாரும் கொழுந்து எடுக்கலன்னு எழுதிக் குடுலா,” என்றார் கணக்கெழுதும் கிராணி நாகப்பன்.

“இருந்தாங்க ஐயா.”

“ஒரே ஒரு பொம்பள. அவளுக்கு ஏற்கனவே இளைப்பு இருந்துச்சுல்ல?” என்றார் நாகப்பன்.

துரை பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். “சாப்பிடு மகேன். அடுத்த மாசம் உனக்கு ஆபீஸ் வேலை.”

மகேன் தட்டைத் தொடவில்லை.

“பைலட்டு பாவம்லா. பொண்டாட்டி மாசமா இருக்கா,” என்றார் நாகப்பன்.

“லயத்து வீடுகள்ல நாப்பது பேரு இருக்காங்க. ஏன் என்னையே கேக்குறீங்க?”

நாகப்பன் பேனாவை நீட்டினார்.

“மத்தவங்க சொன்னா போலீஸ் நம்பாதுடா. செத்தவளோட புருஷன் நீயே சொன்னா, மறு கேள்வி கேப்பாங்களா?”

மகேன் பேனாவை வாங்கினான். ‘நளினி இருந்தாள்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.