ஒரே வரிப் பாட்டு

தேயிலைச் செடிகளுக்குள் பதுங்கியிருந்த சிறுத்தைக் குட்டிக்குத் தாகத்தில் நாக்கு வறண்டது. ஓடைக்குப் போகப் பாதையைத் தாண்ட வேண்டும். பாதையிலோ ஒரு மனிதன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்திப் பாடிக்கொண்டு வந்தான்.

"அம்மா, நம்மைப் பார்த்து உறுமுறானா?" குட்டி பக்கத்திலிருந்த அம்மாவோடு ஒண்டிக்கொண்டது.

"அட அசடே, நமக்குப் பயந்துதான் பாடுறான். பாடினா பயம் தெரியாதாம்."

"எனக்குமா பயப்படுறான்?" குட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவன் கடந்து போனதும் அம்மா ஒரே தாவலில் பாதையைத் தாண்டிவிட்டது. தனியே நின்ற குட்டிக்குக் கால் எழவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவன் மெட்டிலேயே உறுமியபடி ஓடியது.

ஓடையில் வாய் வைத்த குட்டி சட்டென்று காதை நிமிர்த்தியது. தூரத்தில் அந்த மனிதன் தடதடவென்று ஓடும் சத்தம்; பாட்டு மட்டும் நிற்கவில்லை.

"அம்மா, அம்மா! அடுத்த வரியும் தெரிஞ்சிருக்கு அவனுக்கு!"